அரும்பிலேயே நிற்கும் பிள்ளைகள்

மாண்புமிகு பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் திண்டுக்கல் பக்கத்தில் எலக்ட்ரீசியன் வேலை செய்கிறேன். இந்த மடலை நான் கையால் எழுதவில்லை. கைப்பேசியிடம் வாயால் சொன்னேன், அது எழுத்தாக்கியது, என் தங்கை உட்கார்ந்து பிழை திருத்தினாள். முப்பத்தெட்டு வயதாகியும் ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் எழுத எனக்கு வராது.

சுவருக்குள் ஓடும் வயர் எங்கே திரும்புகிறது, எந்த இணைப்பில் பழுது என்பதெல்லாம் சுவிட்சுப் பெட்டியைத் திறந்ததும் எனக்குப் படமாகத் தெரிந்துவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ் வயரும் என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஆனால் ‘கொடு’ என்ற சொல் ஏமாற்றும். காதில் முதலில் விழுவது ‘க்’. தாளில் முதலில் நிற்பது கொம்பு. அதன் பிறகு ‘க’, அதற்கும் பிறகு கால். ஒரே ஒலிக்கு இருபுறமும் ஆள் நிற்கிறது. கூடப் படித்தவர்களுக்குச் சில வாரங்களில் பழகிய இது எனக்குப் பல வருடம் பழகவில்லை. இரண்டு சுழி ‘ன’வா, மூன்று சுழி ‘ண’வா என்று எண்ணி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பத்திக்குப் போயிருக்கும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் நாள் இரவு தங்கையை வாசிக்கச் சொல்லிப் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொள்வேன். மறுநாள் புத்தகத்தைப் பிடித்தபடி கடகடவென்று சொல்லிவிடுவேன். ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஆசிரியர், “நடுவிலிருந்து வாசி” என்றார். எங்கே நடு என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என்னை முட்டி போட வைத்ததைவிட, “இவ்வளவு நாளும் எங்களை ஏமாற்றினாயா?” என்று அவர் கேட்டதுதான் இன்னும் வலிக்கிறது. நான் ஏமாற்றவில்லை, ஐயா. தெரிந்த ஒரே வழியில் படித்தேன். பத்தாம் வகுப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தோற்றுப் பள்ளியை விட்டேன்.

அப்போது இருந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஏழு வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன, என்னுடையது இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. ஆட்டிசமும் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளும் அதில் இடம்பெற்றன. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் இன்று பொதுத்தேர்வில் கிடைக்கின்றன. என் காலத்தில் எனக்குக் கிடைக்காதவை இவை. அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மடலைத் தொடர எனக்கு மனமில்லை.

ஆனால் இந்தச் சலுகைகள் பத்தாம் வகுப்பு வாசலில் காத்திருக்கின்றன. என் மகள் இப்போதுதான் இரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். அவளுக்கும் என்னைப் போலவே எழுத்து நழுவுகிறது. மருத்துவமனையில் பரிசோதித்தவர், “வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?” என்று கேட்டபோதுதான் எனக்கு இருந்தது சோம்பேறித்தனம் இல்லை என்று முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். இது குடும்ப வழியில் வரக்கூடியதாம். சான்றிதழ் கேட்டோம். எட்டு வயது முடிந்த பிறகு வரச் சொன்னார்கள்.

எட்டு வயதுக்குப் பிறகே இந்தச் சான்றிதழ் என்பது 2018-இல் ஒன்றிய அரசு வகுத்த முறை. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. உதவியும் அதுவரை காத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அதே 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறையைக் கையாள்வது கல்வி நிறுவனங்களின் பொறுப்பு என்கிறது. சான்றிதழ் கொண்டு வந்தால்தான் என்று அந்த வரியில் இல்லை. துறுதுறுவென்று ஓடிக்கொண்டே இருக்கும், கவனம் நிலைக்காத பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய ஏ.டி.எச்.டி. அந்த 21-இல் தனியாக இடம்பெறவே இல்லை. சான்றிதழுக்குத்தான் உதவி என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

கண்டறியும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அழகான பெயர்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பில் அரும்பு, இரண்டாம் வகுப்பிலும் அரும்பு. நன்றாகப் பேசுகிற, கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிற ஒரு பிள்ளை ஒரு வருடத்துக்கு மேல் அதே இடத்தில் நின்றால், அந்தப் பதிவே ஓர் எச்சரிக்கை மணிதான். அதைப் பார்த்ததும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வந்து அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள். உட்கார்ந்து பார்க்கும் கருவியும் தமிழுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். கொம்பும் காலும் சுழியும் ஆங்கிலத்தில் இல்லை. அங்கே பிறந்த சோதனையை மொழிபெயர்த்தால் என் மகள் எங்கே தடுக்கினாள் என்று தெரியாது.

ஆட்கள் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தொடக்கப் பள்ளியில் குறைபாடுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று ஒன்றிய அரசு 2022-இல் வகுத்தது. எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் அம்மா இன்னும் பல பள்ளிகளுக்கும் போகிறார், தொகுப்பூதியத்தில். வரும் நாளில் மகளோடு மணலில் விரலால் எழுதுகிறார், மாவில் எழுத்து உருட்டுகிறார். அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்குள் நுழையும் விதமே வேறு. அவரை நிரந்தரமாக்குங்கள். அவரைப் போல இன்னும் பலரை அனுப்புங்கள்.

பணம் தேவைப்படாத ஒன்றும் உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். விடையை வாயால் சொன்னாலும் விடைதான் என்று ஒரு சுற்றறிக்கையில் எழுதுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். நேற்று இரவு பாடத்தை என்னை வாசிக்கச் சொன்னாள். இருவரும் தங்கையிடம் போனோம். தங்கை வாசிக்க வாசிக்க, மகள் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தகப்பன்