ஒரு டொமெயின், பல சேவைகள்



போதகரின் மின்னஞ்சல் கூகிளில் இருக்கும். பொருளாளருடையது மைக்ரோசொவ்ற்றில் இருக்கும். செய்திமடல் வேறொரு சேவையால் போகும். எல்லாவற்றுக்கும் சபையின் டொமெயின் ஒன்றுதான். ஸ்ரௌவ்வில், மார்க்கம் பக்கத்துச் சபைகளில் இதைச் சரிசெய்யும் வேலை உங்கள் கையில் வந்து விழலாம். மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கடிதம் வந்து சேரும் வாசல். இதை டொமெயினின் எம்.எக்ஸ். பதிவு காட்டுகிறது. இரண்டு சேவைகளுக்கும் பதிவு போட்டால் கடிதம் இரண்டுக்கும் போகாது. சிறிய எண் உள்ள வாசலுக்கே முதலில் போகும். அது திறக்காவிட்டால்தான் அடுத்தது. அந்த முதல் வாசல் கூகிள் என்றால், பொருளாளருக்கு வந்த கடிதம் "அப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பிவிடும். ஆகவே வாசல் ஒன்றாக இருக்கட்டும். தன்னிடம் இல்லாத பெயர்களை மற்றச் சேவைக்கு அனுப்பும்படி அங்கே அமைத்துவிடுங்கள்.

இரண்டாவது, சபையின் பெயரில் அனுப்ப அனுமதி உள்ளவர்களின் பட்டியல். இது எஸ்.பி.எவ். பதிவு. சேவைக்கு ஒன்றாக இரண்டு பதிவுகள் போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரே பதிவில் எல்லாரையும் சேருங்கள். அதைச் சரிபார்க்க 10 தேடல்களுக்கு மேல் தேவைப்படக் கூடாது.

மூன்றாவது, டி.கே.ஐ.எம். என்னும் கையொப்பம். இது ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. சரியில்லாவிட்டால் ஒரு மரண அறிவித்தலோ ஜெப விண்ணப்பமோ ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். அடக்க ஆராதனை முடிந்த பிறகுதான் ஒருவர் அதைக் காண்பார்.

பவுலின் நாளிலும் இந்தக் கவலை இருந்தது. அவரிடமிருந்து வந்ததுபோல் தோன்றும் கடிதத்தைக் கண்டு கலங்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதினார் (2 தெச. 2:2). அதே நிருபத்தின் முடிவில் தன் கையெழுத்தையே அடையாளமாக வைத்தார் (3:17).

ஆனாலும், வேறொரு முகவரியிலிருந்து போதகரின் பெயரை மட்டும் போட்டு, "கிப்ற் கார்ட் வாங்கி அனுப்புங்கள்" என்று கேட்கும் கடிதத்தை இந்தக் கையொப்பம் தடுக்காது. பெயரை அல்ல, முகவரியைப் பார்க்க வேண்டும் என்று அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் இந்த வாரமே பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் போதகருக்கு ஒரு போன் எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் ஊழியம்தான்.