ஒரு கலைஞர் காட்டும் இன்னொரு கலைஞர்

சமகாலக் கலையில் புதியவர்களைத் தேடும் வாசகருக்கு இன்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு இறுதியில் வெளிவரும் பட்டியல்கள், விருது அறிவிப்புகள், கைப்பேசித் திரையில் ஓயாமல் நகரும் படங்கள், ஒரு பாடல் முடிவதற்குள் அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும் செயலிகள் ஆகிய அனைத்தும் ஓவியர், வடிவமைப்பாளர், ஒளிப்படக் கலைஞர், இசைக்கலைஞர் என நாள்தோறும் பலரை முன்னிறுத்துகின்றன. ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் மறுவாரம் நினைவில் நிற்பதில்லை. பெயர் மட்டும் தனியே வந்து சேர்வதும், அவர் யாரிடம் கற்றார், யாரோடு உழைத்தார், தமக்குக் கிடைத்த இடத்தை வேறு யாரோடு பகிர்ந்துகொண்டார் என்ற செய்திகள் உடன் வராமல் போவதும் இதற்குக் காரணங்கள். ஒரு கலைஞரை ஆழமாக அறிந்துகொள்ள நம்பகமான வழி இன்னொரு கலைஞரின் வழியாகச் செல்வதே என்பதை, ஒரு தபலா கச்சேரியில் தொடங்கி டெல்லி, ஜெர்மனி, மதுரை ஆகிய இடங்களைத் தொட்டு வட சென்னை வரை நீளும் ஒரு தொடர்பு தெளிவாகக் காட்டுகிறது.

அத்தொடர்பின் நடுவே நிற்பவர் ஒளிப்படக் கலைஞர் தயாநிதா சிங். 1961இல் புது டெல்லியில் பிறந்த அவர், 1980களின் தொடக்கத்தில் அகமதாபாதிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் காட்சித் தொடர்பியல் பயின்றார். எழுத்தும் படமும் அச்சும் ஒன்றுசேர்ந்து ஒரு கருத்தைக் கொண்டுசேர்க்கும் முறைகளைக் கற்பிக்கும் துறை அது. மாணவியாக இருந்த நாட்களில் தபலா கலைஞர் ஜாகிர் உசேனின் கச்சேரியைப் படமெடுக்கச் சென்றபோது, அமைப்பாளர்கள் தடுத்ததில் கீழே விழுந்த அவர், இன்று மாணவியாக இருந்தாலும் ஒரு நாள் முக்கியமான ஒளிப்படக் கலைஞராகப் போவதாக ஜாகிர் உசேனிடமே சொன்ன நிகழ்ச்சியைப் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அதன்பின் ஜாகிர் உசேன் தம் இசைப் பயணங்களில் அவரை உடன்வர அனுமதித்தார். ஆறு குளிர்காலங்கள் இசைக்கலைஞர்களோடு ஊர் ஊராகச் சென்று, மேடையிலும் பேருந்திலும் வீட்டிலும் எடுத்த படங்களையும், உரையாடல்களிலிருந்து திரட்டிய குறிப்புகளையும் தொகுத்து, 1986இல் தம் முதல் நூலைத் தயாநிதா வெளியிட்டார். அந்நூலுக்காக அவர் கையால் ஒட்டியும் எழுதியும் உருவாக்கிய மாதிரிப் படியை 2019இல் ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் அப்படியே அச்சில் கொண்டுவந்தது. மாணவர் ஒருவரின் செய்முறைப் பணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கலைப்படைப்பாக ஏற்கப்பட்டதற்கு அது சான்று.

ஜாகிர் உசேனைத் தம் முதல் குருவாகத் தயாநிதா குறிப்பிடுவது, ஒளிப்பட நுட்பத்தை அவரிடம் கற்றதனால் அன்று. கர்நாடக இசைக்கலைஞர்கள் சாதகம் என்று குறிப்பிடும் இடைவிடாத பயிற்சிக்கு இந்துஸ்தானி இசையில் ரியாஸ் என்று பெயர். ஒரு வேலைக்கு வாழ்க்கை முழுவதையும் ஒப்புக்கொடுப்பது எப்படி என்பதைத் தயாநிதா அந்தப் பயிற்சியை அருகிலிருந்து கண்டு கற்றார். இசையிலிருந்து ஒளிப்படத்துக்கு ஒரு பண்பு இவ்வாறு இடம்பெயர்ந்திருப்பதை உணர்ந்த வாசகர், அவருடைய படங்களின் வரிசையமைப்பில் ஒரே உருவம் வேறு வேறு இடங்களில் திரும்ப வருவதையும், சில பக்கங்கள் வேண்டுமென்றே அமைதியாக விடப்பட்டிருப்பதையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

இதே தொடர்பு இசையின் பக்கமும் கிளை விடுகிறது. 1951இல் மும்பையில் தபலா மேதை அல்லா ரக்காவின் மகனாகப் பிறந்த ஜாகிர் உசேன், 1970களில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் இணைந்து நடத்திய சக்தி குழுவில் வயலினுக்கு எல். சங்கரும் கடத்துக்கு விக்கு விநாயக்ராமும் அமர்ந்தனர். சென்னை மேடைகளில் துணை வாத்தியமாகவே அறியப்பட்டிருந்த கடம், உலகெங்குமுள்ள கேட்போரின் காதுகளுக்கு இக்குழுவின் வழியாகச் சென்றது. பிற்காலச் சக்தியில் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவுடன் இணைந்தார். அக்குழுவின் ‘திஸ் மொமன்ட்’ இசைத்தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்தார். தபலாவைத் தேடி வந்த ஒருவர் கடத்தையும் கஞ்சிராவையும் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவிக்கும் சென்னைக் குடும்பத்தையும் கண்டுகொள்வதற்கு, மேடையில் அருகே அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்கும் ஆர்வமே போதுமானதாக இருக்கிறது.

உடனிருப்பவரை மதிக்கும் இந்தப் பண்பு தயாநிதாவின் ஒளிப்படங்களில் எவ்வளவு தூரம் வேரூன்றியது என்பதற்கு மோனா அகமது பற்றிய நூல் சிறந்த எடுத்துக்காட்டு. 1989இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக டெல்லியின் ஹிஜ்ரா எனப்படும் திருநங்கையர் சமூகத்தினரைப் படமெடுக்கச் சென்ற தயாநிதா, லண்டனில் உறவினர்கள் இருப்பதால் அங்கே தம் படங்கள் வெளியாவதை அவர்களில் ஒருவரான மோனா விரும்பவில்லை என்று அறிந்ததும், படச்சுருளையே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது இழந்த படங்களுக்கு ஈடாகப் பல ஆண்டுகள் நீடித்த நட்பு ஒன்று கிடைத்தது. 2001இல் வெளிவந்த ‘மைசெல்ஃப் மோனா அகமது’ நூலில் படங்கள் தயாநிதாவுடையவை. எழுத்தோ, டெல்லியின் இடுகாடு ஒன்றில் வீடு அமைத்து வாழ்ந்த மோனா பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள். படத்தில் இருப்பவரைப் பற்றி மற்றவர் எழுதும் வழக்கத்துக்கு மாறாக, படத்தில் இருப்பவரே தம் வாழ்க்கையைத் தம் சொற்களில் சொல்லும் இடமாக அந்நூல் அமைந்தது.

தயாநிதாவின் அடுத்த பங்களிப்பு, ஒளிப்படத்தின் இருப்பிடம் எது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படும் படம், கலைக்கூடத்துக்குச் செல்லும் பழக்கமும் வாய்ப்பும் உள்ள சிலருக்கே எட்டும். நூலோ கைமாறும், கடன் கொடுக்கப்படும், பல ஊர்களில் ஒரே நேரத்தில் திறக்கப்படும். இந்த நம்பிக்கையால் அவர் தம்மை ஆஃப்செட் கலைஞர் என்றே அழைத்துக்கொள்கிறார். ஆஃப்செட் என்பது உலோகத் தகட்டிலுள்ள உருவத்தை முதலில் ரப்பர் உருளைக்கு மாற்றி, அதிலிருந்து தாளில் பதிக்கும் அச்சுமுறை. நாளிதழும் பாடநூலும் திருமண அழைப்பிதழும் அச்சாகும் அதே முறையில் கலைப்படைப்பையும் உருவாக்க முடியும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட நிலை. வடிவமைப்பு முதல் அச்சு வரை ஒரே கூரையின் கீழ் நடக்கும் கெட்டிங்கன் நகரத்து ஸ்டைடல் அச்சகமும், அதன் உரிமையாளர் கெர்ஹார்ட் ஸ்டைடலும் இதற்கு உறுதுணையாக இருந்தனர். சமகால ஒளிப்பட நூல்களைப் பற்றி அறிய விரும்புவோர், படமெடுத்தவரின் பெயரோடு அச்சிட்டவரின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

2008இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’ ஏழு சிறு நூல்கள் கொண்ட பெட்டி. ஒரே நீளத் தாளை முன்னும் பின்னுமாக மாற்றி மடித்து, துருத்தி போல விரிக்கவும் சுருக்கவும் முடிகிற வகையில் அமைந்தவை அந்நூல்கள். விரித்து மேசையில் நிறுத்தினால் அதுவே ஒரு சிறு கண்காட்சி. நண்பர்களுக்குப் பரிசாகத் தயாரித்த கைப்படிகளிலிருந்து உருவான இத்தொகுப்பில் ஒரு நூல், அவருடைய தாய் நோனி சிங் எடுத்த படங்களால் ஆனது. கொல்கத்தா பார்க் தெருவிலுள்ள நகைக்கடை ஒன்றின் கண்ணாடிப் பேழையிலும் இந்நூல்கள் விரித்து வைக்கப்பட்டு, தெருவில் நடப்போர் பார்க்கும் காட்சியாயின. 2014இல் வந்த ‘மியூசியம் ஆஃப் சான்ஸ்’ நூலில் 88 படங்கள் உள்ளன. அவற்றில் எதுவும் அட்டைப்படமாகலாம் என்பதால் ஒரு படியின் முகம் மற்றொரு படியின் முகத்திலிருந்து வேறுபடலாம். 2017இல் ஒன்பது துருத்தி நூல்களைக் கையால் செய்த பெட்டியில் அடக்கிய ‘மியூசியம் பவன்’, அவ்வாண்டின் சிறந்த ஒளிப்பட நூலுக்கான பாரிஸ் ஃபோட்டோ–அபர்ச்சர் விருதைப் பெற்றது. வாங்கியவர் தம் விருப்பம்போல் வரிசையை மாற்றி, தம் வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகலாம் என்பது அதன் அடிப்படை எண்ணம்.

ஒளிப்படத் துறையின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான, சுவீடனின் ஹாசல்பிளாட் விருது 2022இல் தயாநிதாவுக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் தெற்காசியக் கலைஞர் அவர். அந்த வெற்றியை அவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், கிராமப்புற மக்களின் வாழ்வையும் உழைப்பையும் பதிவு செய்வதற்காகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணைய இதழோடு இணைந்து, ஆவண ஒளிப்படத்துக்கென இரண்டு லட்சம் ரூபாய் மதிப்புள்ள விருது ஒன்றை நிறுவினார். கண்முன் நடக்கும் வாழ்க்கையை நெடுங்காலம் தொடர்ந்து, மாற்றமின்றிப் பதிவு செய்யும் பணி ஆவண ஒளிப்படம் எனப்படும். அவ்விருதை முதலில் பெற்றவர், மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமார்.

பழனிகுமார் எந்தக் கலைப்பள்ளியிலும் பயிலாமல் தாமே கற்றுத் தேர்ந்தவர். மீன் விற்றுக் குடும்பத்தை நடத்திய தாயின் உழைப்பைக் கண்டு வளர்ந்து, அதையே பின்னர் படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்தவர். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைப் பேசிய, திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு அவர் ஒளிப்பதிவு செய்தார். 2017இல் வெளிவந்த அப்படத்துக்குப் பின்னும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களோடு அவருக்கிருந்த தொடர்பு அறுபடவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும், எண்ணூர்ப் பகுதி நீர்நிலைகளில் வெறும் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களையும் அவர் எடுத்த படங்களில், உழைக்கும் உடல் பரிதாபத்துக்குரிய பொருளாகச் சுருங்கிவிடாமல், தொழில் தெரிந்த ஒருவரின் உடலாக நிமிர்ந்து நிற்கிறது. நீரின் மட்டத்திலேயே கேமராவும் இருப்பதால், பார்ப்பவர் கரையில் நின்று வேடிக்கை பார்க்க முடியாமல் போகிறது.

தயாநிதாவின் படங்களும் பழனிகுமாரின் படங்களும் தோற்றத்தில் ஒத்தவை அல்ல. முன்னவருடைய புகழ்பெற்ற படங்களில் பல கறுப்பு வெள்ளையில், ஆளற்ற அறைகளையும் கோப்புகள் குவிந்த அலமாரிகளையும் தேடிச் செல்பவை; பின்னவருடையவை வெயிலும் வியர்வையும் கலந்த பணியிடங்களில் நிற்பவை. பாணியை அளவுகோலாகக் கொண்டு அடுத்த பெயரைப் பரிந்துரைக்கும் எந்தச் செயலியும் இவ்விருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்காது. படத்திலுள்ளவரோடு ஆண்டுக்கணக்கில் உறவு பேணுதல், கலைக்கூடத்துக்கு வெளியே உள்ளவரின் கைக்குப் படத்தைக் கொண்டுசேர்த்தல் ஆகிய இரண்டிலுமே இவர்கள் சந்திக்கிறார்கள். முன்னவர் அதை நூலால் செய்தார், பின்னவர் தமிழிலும் பிற மொழிகளிலும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைத்த பாரி இதழின் வழியாகச் செய்தார். இந்த உள் ஒற்றுமையைக் கண்டது இன்னொரு கலைஞரின் கண்.

கலைஞர் காட்டும் கலைஞரை மட்டுமே பின்தொடர்ந்தால், ஒருவரையொருவர் முன்பே அறிந்த சிறு வட்டத்துக்குள் வாசகரும் அடைபட்டுவிடுவார் என்ற மறுப்பு எழக்கூடும்; பெருநகரம், ஆங்கிலம், சாதி, செல்வம் ஆகியவற்றால் வேலியிடப்பட்ட வட்டங்கள் இந்தியக் கலையுலகில் இருப்பது உண்மையாதலால் அம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. ஆனால் ஒரு தொடர்பு வட்டமாக மூடிக்கொள்கிறதா, பாதையாக நீள்கிறதா என்பதை அதன் அடுத்த கண்ணியைக் கொண்டே அறியலாம். தாமே கற்ற பழனிகுமார், தாம் கற்றதை வட சென்னை இளையோருக்கும் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பயிற்றுவித்து, அவர்கள் தங்கள் தெருக்களையும் பெற்றோரின் வேலையையும் தாங்களே எடுத்த படங்களைக் காட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார். இதுவரை பிறரால் படமெடுக்கப்பட்டு வந்த பகுதி, தன்னைத் தானே படமெடுக்கத் தொடங்கும்போது அந்தத் தொடர்பு பாதையாகிறது.

ஆகவே புதிய கலைஞர் ஒருவரின் பெயரைக் கேட்கும் வாசகர் அவரிடம் மூன்று கேள்விகளோடு செல்வது நலம்: இவர் யாரிடமிருந்து கற்றார், யாரோடு சேர்ந்து செய்கிறார், யாருக்கு இடம் கொடுத்தார். இசைத்தட்டின் உறையிலும் நூலின் கடைசிப் பக்கத்திலும் திரைப்படத்தின் இறுதி வரிகளிலும் இவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் அச்சாகியே இருக்கின்றன. ஒரு படத்தைப் பிறருக்கு அனுப்பும்போது எடுத்தவரின் பெயரையும் சேர்த்து அனுப்புவது, அந்த விடைகள் அழிந்துபோகாமல் காக்கும் எளிய செயல்.

தனி வாசகரின் முயற்சியோடு நின்றுவிடாமல் பொது நிறுவனங்களும் செய்ய வேண்டியது உண்டு. 2010இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் திறக்கப்பட்ட மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நாள்தோறும் மாணவர்கள் வந்து செல்லும் இடங்கள். துருத்தி நூல் ஒன்றை விரித்து வைக்கச் சுவரும் தேவையில்லை, சிறப்பு விளக்கும் தேவையில்லை. ஒரு மேசை போதும். அந்த மேசையில் உலகின் சிறந்த ஒளிப்பட நூல்களோடு தமிழ்நாட்டு இளையோரின் படங்களையும் பக்கத்தில் வைத்து, மாதந்தோறும் மாற்றி அமைத்தால், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு மாணவி தம் ஊரையும் படமெடுக்கலாம், தம் நூலையும் தாமே கட்டலாம் என்று எண்ணத் தொடங்குவார். அவ்வெண்ணம் தோன்றுவதற்கான இடத்தை உருவாக்கித் தருவது நூலகங்களை நடத்துவோரின் பொறுப்பு.