உறுமலா... பாட்டா?



நெய்வேலி டவுன்ஷிப்புல வளர்ந்தவங்களுக்கு ஒரு ரூல் நல்லாத் தெரியும். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்துட்டா, வீட்டுல குக்கர்கூட அடக்கமாத்தான் விசிலடிக்கணும். காலிங் பெல்லுக்கு லீவு. டி.வி.யில படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. சுரங்கத்துல ராத்திரி முழுக்க பிரமாண்டமான மெஷின்களுக்குப் பக்கத்துல நின்ன மனுஷனுக்கு, பகல்ல கிடைக்கிற அந்த ஆறு மணி நேர அமைதிதான் சம்பளத்துல பாதி!

அப்படி ஒரு குவார்ட்டர்ஸ்ல உட்கார்ந்து நான் கேட்டது என்ன மியூசிக் தெரியுமா? ஹெவி மெட்டல். சிரிக்காதீங்க பாஸ். இயர்போன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்ச புண்ணியவானுக்கு எங்க வட்டத்துலயே சிலை வைக்கலாம்.

அந்த சி.டி.யைக் கொடுத்தவன் பேரு வேண்டாம். கேங்ல நாங்க வெச்ச பட்டப்பேரு 'உறுமி'. அடித்தொண்டையிலேர்ந்து புலி மாதிரி உறுமிப் பாடுவான். க்ரவ்ல்னு சொல்வாங்களே, அதான். அவன் கொடுத்தது ஸ்வீடன் நாட்டு ஓபெத் பேண்டோட 'பிளாக்வாட்டர் பார்க்'. 2001-ல வந்த ஆல்பம். முதல் தடவை கேட்டப்ப இயர்போனைக் கழட்டி, 'இது பாட்டா, சண்டையா'ன்னு யோசிச்சேன். மூணாவது தடவை கேட்டப்போ நான் அவுட்!

ஓபெத் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. 1990-ல ஸ்டாக்ஹோம்ல ஆரம்பிச்ச பேண்ட். மிகேல் ஆகெர்ஃபெல்ட்தான் பாட்டு, கிட்டார், எழுத்து எல்லாமே. 1995-ல முதல் ஆல்பம் 'ஆர்க்கிட்'. பத்து நிமிஷப் பாட்டுன்னா அவங்களுக்கு சர்வ சாதாரணம். இடி மாதிரி உறுமல் போய்க்கிட்டே இருக்கும். திடீர்னு எல்லாம் நின்னு, மழை விட்ட சாயங்காலம் மாதிரி ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் கேட்கும். அதே தொண்டை, இப்ப தேன் மாதிரிப் பாடும். ரெண்டும் ஒரே ஆள்னு நம்பவே முடியாது.

நானும் உறுமியும் ஒரே இன்ஜினீயரிங் காலேஜ். பேண்ட் ஆரம்பிக்காம இருப்போமா? நாலு பேர். அவன் பாட்டு, நான் கிட்டார். லீவுல ஊருக்கு வந்தா வீட்டு மொட்டை மாடியில பிராக்டீஸ். ஒருநாள் அப்பா தூக்கம் கலைஞ்சு லுங்கியோட மேல ஏறி வந்தார். உறுமியைப் பார்த்து ரொம்ப சீரியஸா, "தம்பி, தொண்டையில எதாச்சும் மாட்டிக்கிச்சா?"ன்னு கேட்டார். நாங்க சிரிச்ச சிரிப்புல அன்னிக்கு பிராக்டீஸ் கேன்சல்.

கீழே இறங்கறதுக்கு முன்னாடி அவர் இன்னொண்ணும் சொன்னார். "எந்நேரமும் ஃபுல் லோடு குடுத்தா கன்வேயர் பெல்ட்டே அறுந்துடும். நீ மனுஷன்டா!"

அது அறிவுரைன்னு அப்ப எங்களுக்குப் புரியலை.

தாலாட்டுச் சண்டை

2003 ஏப்ரல்ல ஓபெத்தோட 'டாம்னேஷன்' வந்தது. அதுக்கு முந்தின நவம்பர்ல வந்த 'டெலிவரன்ஸ்' செம முரட்டு ஆல்பம். ரெண்டையும் ஒரே சமயத்துலதான் ரெக்கார்ட் பண்ணியிருந்தாங்க. ஆனா 'டாம்னேஷன்'ல ஒரு இடத்துலகூட உறுமல் கிடையாது. டிஸ்டார்ஷன் கிட்டார் இடியும் கிடையாது. மெல்லிசான குரல், மெல்லோட்ரான்னு ஒரு பழைய கீபோர்டு, நிறைய சோகம். தயாரிப்புல கைகொடுத்தவர் இங்கிலாந்தோட ஸ்டீவன் வில்சன்.

எனக்கு உயிர். பகல்ல அப்பா தூங்கும்போது சின்ன ஸ்பீக்கர்லயே தைரியமாப் போட்டுக் கேட்கலாம்!

உறுமிக்கு வந்ததே கோபம். "இது மெட்டல் இல்லடா, தாலாட்டு. காசுக்கு வித்துட்டானுங்க"ன்னான். அந்த ஆல்பத்துல ஒரு பாட்டோட தலைப்புலயே தாலாட்டுன்னு அர்த்தம் வர்ற 'லல்லபி' இருக்குன்னு காட்டினேன். இன்னும் கோபம்.

அது சி.டி. பத்தின சண்டையா மட்டும் இருந்திருந்தா பரவாயில்லை. கல்ச்சுரல்ஸுக்கு ஒரு மாசம்தான் இருந்தது. "மூணு பாட்டுல ஒண்ணாவது மெலடியாப் போடுவோம். நீ கிளீனாப் பாடு"ன்னேன். "உனக்கு ஜட்ஜுங்க கைத்தட்டல் வேணும். எனக்கு மெட்டல் வேணும்"னு சொல்லிட்டு வெறித்தனமா பிராக்டீஸ் பண்ண ஆரம்பிச்சான். தினம் நாலு மணி நேரம். கல்ச்சுரல்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி குரல் சுத்தமாப் போச்சு. உறுமலும் வரலை, பேச்சும் வரலை. காத்து மட்டும்தான் வந்தது.

மேடை ஏறலை. "உன் வீம்பாலதான்"னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன். பதில் சொல்லக்கூட அவனுக்குக் குரல் இல்லை. அதோட பேச்சு நின்னுடுச்சு. ஆறு வருஷம்!

தொண்டைக்குள்ள என்ன நடக்குது?

இந்த இடத்துல ஒரு பிரேக். பேண்ட் வெச்சிருக்கிற தம்பி, தங்கைகள் கவனமாப் படிங்க.

நாம் பேசவும் பாடவும் பயன்படுவது குரல்வளையில் இருக்கும் ஜோடிக் குரல் நாண்கள். அதற்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. 'பொய்க் குரல் நாண்கள்' என்பார்கள். முறையாகப் பழகியவர்கள் உறுமும்போது மேலே உள்ள இந்த மடிப்புகளையும் அதிரவைத்து, மூச்சை வயிற்றிலிருந்து கட்டுப்படுத்தி விடுகிறார்கள். அதனால்தான் அவர்களால் வருஷக்கணக்கில் பாட முடிகிறது. பழகாதவர்கள் என்ன செய்கிறார்கள்? தொண்டையை இறுக்கி, முழு பலத்தோடு கத்துகிறார்கள். அடி வாங்குவது கீழே இருக்கும் நிஜமான நாண்கள். வீக்கம் வரும். தொடர்ந்தால் காய்ப்பு போலச் சின்ன முடிச்சுகள் வரும்.

பாடும்போது வலிச்சா, அன்னிக்கு நிறுத்துங்க. குரல் கம்மி ரெண்டு மூணு வாரம் ஆகியும் சரியாகலைன்னா, மிளகுப்பாலை மட்டும் நம்பாம காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. வீம்புக்கு மருந்து கிடையாது!

அந்த ராத்திரி

2009. சென்னை ஐ.ஐ.டி.யோட 'சாரங்' விழாவுக்கு ஓபெத் வந்தாங்க. ஆமாம், நம்ம சென்னைக்கே! நான் அப்ப வேலைக்குப் போயிட்டேன். லீவு சொல்லிட்டு, கறுப்பு டி-ஷர்ட்டைத் தேடி எடுத்து (கொஞ்சம் டைட்டாயிருந்துச்சு) கிளம்பிட்டேன்.

கூட்டத்துல யாரோ தோளைத் தட்டினாங்க. திரும்பினா... உறுமி!

என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை. நல்லவேளை, பேச வேண்டிய அவசியமே வரலை. ஆகெர்ஃபெல்ட் மேடைக்கு வந்துட்டார். உறுமலும் வந்தது, கிளீன் குரலும் வந்தது. உறுமலுக்குத் தலையாட்டின அதே கூட்டம், மெலடி வந்தப்போ கண்ணை மூடிக் கேட்டது. உறுமியும்தான்.

ஷோ முடிஞ்சு டீக்கடையில நின்னோம். அவனே ஆரம்பிச்சான். "அன்னிக்கு ஏன் கிளீன் பாட மாட்டேன்னேன் தெரியுமா? எனக்கு சுருதி நிக்காதுடா. உறுமும்போது அது யாருக்கும் தெரியாது. மெலடி பாடினா மாட்டிக்குவேன்."

டீ தொண்டையிலேயே நின்னுடுச்சு எனக்கு. வீம்புன்னு நான் ஊருக்கே சொன்னது, அவனோட பயம். நானும் உண்மையைச் சொன்னேன். "மெலடி மேல இருந்த ஆசைக்காகக் கேட்கலை. நீ சொன்ன மாதிரி ஜட்ஜுங்க கைத்தட்டலுக்காகத்தான் கேட்டேன்."

ஆறு வருஷச் சண்டையில ரெண்டு பேருமே மியூசிக்கைப் பத்திப் பேசவே இல்லைங்கிறது அன்னிக்குத்தான் புரிஞ்சது.

மாறினவன் எல்லாம் துரோகியா?

ஓபெத் கதை அதோட முடியலை. 2008-ல வந்த 'வாட்டர்ஷெட்'டுக்கு அப்புறம், அதே ஸ்டைல்ல ஆகெர்ஃபெல்ட் புதுசா ரெண்டு மூணு பாட்டு எழுதினார். இதே பாதையில போறது பேஸ் கிட்டாரிஸ்ட் மார்ட்டின் மெண்டஸுக்கும் பிடிக்கலை. அவ்வளவுதான், எழுதினதை ஓரமாத் தூக்கிப் போட்டுட்டார். 2011-ல 'ஹெரிடேஜ்' வந்தது. எழுபதுகளோட ப்ராக்ரெசிவ் ராக் வாசனை. உறுமல் பூஜ்யம். பழைய ரசிகர்கள்ல பாதிப் பேர் கொதிச்சுப் போனாங்க.

மெட்டாலிகாவுக்கும் இதே அர்ச்சனை நடந்திருக்கு. 1984-லயே 'ஃபேட் டு பிளாக்'னு அக்கூஸ்டிக் கிட்டாரோட ஒரு பாட்டுப் போட்டதுக்கு 'வித்துட்டாங்க'ன்னு திட்டு. 1991-ல பாப் ராக் தயாரிச்ச கறுப்பு அட்டை ஆல்பத்துல வேகத்தைக் குறைச்சு, பாட்டைச் சின்னதாக்கி, மெலடியைக் கூட்டினாங்க. திட்டும் கூடிச்சு. அமெரிக்காவுல மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல வித்தது தனிக்கதை. அப்ப 'காசுக்காக'ங்கிற சந்தேகம் வர்றதுல தப்பில்லை.

ஆனா 'ஹெரிடேஜ்' ஜனரஞ்சகமான ஆல்பமே இல்லை. ரேடியோவுக்கு அடக்கமான பாட்டும் இல்லை. இருக்கிற ரசிகனும் போயிடுவானோங்கிற ரிஸ்க் எடுத்துத்தான் மாறினாங்க. 2019-ல 'இன் காவ்டா வெனெனம்' ஆல்பத்தை இங்கிலீஷ்ல மட்டுமில்லாம தாய்மொழி ஸ்வீடிஷ்லயும் பாடி வெளியிட்டாங்க. பேண்ட் ஆரம்பிச்சு ஏறக்குறைய முப்பது வருஷம் கழிச்சு! தமிழ்ல பாடினா 'கெத்து' குறைஞ்சிடும்னு நினைக்கிற காலேஜ் பேண்டுகள் கொஞ்சம் யோசிங்கப்பா.

க்ளைமாக்ஸ் என்ன தெரியுமா? 2024 நவம்பர்ல 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. ஒரு பணக்காரப் பெரியவர் செத்ததும் அவரோட உயிலைப் பிள்ளைங்க முன்னாடி படிக்கிற கதை. அதுல உறுமல் திரும்பி வந்திருக்கு, 16 வருஷம் கழிச்சு! யாரும் மிரட்டி வர வைக்கலை. கதைக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது, எடுத்தாங்க. அவ்வளவுதான்.

எங்க ஊர் சுரங்கத்தைப் பார்த்தவங்களுக்கு இது ஈஸியாப் புரியும். மேல கெட்டியான மணற்பாறை, அதுக்குக் கீழ பழுப்பு நிலக்கரி. அதுக்கும் கீழ, பெரிய அழுத்தத்தோட நிலத்தடி நீர். ராத்திரி பகலா பம்ப் பண்ணி வெளியே எடுத்துக்கிட்டே இருக்கணும். விட்டா, சுரங்கத்தோட தரையையே பிளந்துகிட்டு வந்துடும். ஓபெத்தோட மெலடி 2003-ல வெளியிலேர்ந்து வாங்கி ஒட்டினது இல்லை. 1995-லேர்ந்தே அடியில அழுத்திக்கிட்டு இருந்த தண்ணி அது.

அதனால ஃப்ரெண்ட்ஸ், "நீ மாறிட்டடா"ன்னு உங்களை யாராவது சொன்னா பதறாதீங்க. குரூப் மாறினாலும், ரசனை மாறினாலும், இன்ஜினீயரிங் முடிச்சிட்டு வேற வேலைக்குப் போனாலும் இந்த டயலாக் வரும். ஒரே ஒரு கேள்வியை உங்ககிட்ட நீங்களே கேளுங்க. இது எனக்குள்ள முன்னாடியே இருந்ததா, இல்ல கைத்தட்டலுக்காக இப்ப ஒட்டிக்கிட்டதா? மாறாம அடம்பிடிக்கிறவங்களும் கேட்டுக்கலாம். இது என் பிடிப்பா, இல்ல மாட்டிக்குவோமோங்கிற பயமா?

நண்பன்கிட்டயும் கேளுங்க. ஆனா எல்லார் எதிர்லயும் வேண்டாம். ஒரு டீக்கடையில, தனியா.

உறுமி இப்ப பாடறதில்லை. ஆனா 2024 ஆல்பம் வந்த ராத்திரி, அவன்கிட்டேர்ந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். மூணே செகண்ட். பேச்சே கிடையாது. ஒரே ஒரு உறுமல்!

எங்க வீட்டுல எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க. இயர்போன் போட்டுத்தான் கேட்டேன்.

இந்த வார ஹோம்வொர்க்: ஓபெத்தை இதுவரை கேட்காதவங்க முதல்ல 'டாம்னேஷன்' கேளுங்க. பழகினதும் 'பிளாக்வாட்டர் பார்க்'. கடைசியா 2024 ஆல்பம். வீட்டுல யாராவது நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்கினா, வால்யூம் ஜாக்கிரதை!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா? டாட்டா!