மறுமுறை என்னும் பிழை



சாலை விதியை முதன்முறை மீறியவரும், தண்டம் கட்டிய பின்னும் அதையே மீறுபவரும் சமமாவரோ? ஆகார் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இவ்வேறுபாடு இருந்தது. குடித்து வண்டியோட்டினால் முதன்முறை 2,000 ரூபாய் 'வரை', மூன்றாண்டுகளுக்குள் மறுமுறை பிடிபட்டால் 3,000 ரூபாய் 'வரை' அபராதம், சிறைக்கும் இடமுண்டு. அந்த 'வரை' என்ற சொல்லில்தான் பலவீனம் இருந்தது. உச்சவரம்பு உண்டு, அடிவரம்பு இல்லை. பொதுவான விதிமீறலுக்கு 100 ரூபாய், மறுமுறைக்கு 300 ரூபாய் என்பதே எல்லை. விலைவாசி ஏறியது, அபராதம் ஏறவில்லை.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மாற்றியது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. குடித்து ஓட்டினால் 10,000 ரூபாய், மறுமுறை 15,000. கைபேசியில் பேசியபடி ஓட்டினால் 1,000. மூன்றாண்டுகளுக்குள் மறுமுறை 10,000. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு 2,000, மறுமுறை 4,000.

அன்றாடம் உழைத்துப் பிழைப்பவருக்கு இது பெருஞ்சுமை அன்றோ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆயிரம் ரூபாயும் ஏழைக்குச் சிறு தொகையன்று. ஆயினும் கைபேசிக் குற்றத்தில் அது பத்து மடங்காவது, எச்சரிக்கப்பட்ட பின்னும் திருந்தாதவருக்கு மட்டுமே. முதல் சீட்டோடு திருந்தியவர் அடுத்த தொகையைக் காண வேண்டியதேயில்லை.

நம் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு விடியற்காலையில் வரும் வண்டிகளைப் பாருங்கள். தோளுக்கும் காதுக்கும் இடையே கைபேசி. முன்னே பூ மூட்டை. தலைக்கவசமோ வீட்டுப் பரணில். இராஜபாளையம் சாலையில் நிற்கும் காவலர் அந்த இளைஞனை என்றோ ஒருநாள்தான் காண்கிறார். அவனுடைய தாயும் தந்தையும் நாள்தோறும் காண்கிறார்கள். மறுமுறையை முதலில் அறிவது வீடேயாகும்.

அவ்வாறிருக்க, மகனுக்கு வந்த அபராதத்தைத் தந்தைக்குத் தெரியாமல் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து கட்டிவிடும் தாய்மார்கள் உண்டு. பாசம்தான், ஆனால் தண்டம் தவறு செய்தவனைத் தொடவேயில்லையே! பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தாலோ, பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டுகள் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஆகவே, முதல் சீட்டு வந்த அன்றே பிள்ளையை அமரவைத்துப் பேசுங்கள். அபராதத்தை அவன் சம்பாத்தியத்திலிருந்தே கட்டச் சொல்லுங்கள். இரண்டாம் சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் விபத்து முந்திக்கொள்ளக்கூடும்.