போசனசாலை வாங்கும் சட்டப் புத்தகமும்

யாழ்ப்பாணம் பெரியகடைப் பகுதியில் நாம் மாணவப் பருவத்தில் விரும்பி உண்ட சைவ போசனசாலை ஒன்றுக்கு அண்மையில் சென்றோம். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்படுவதற்கு முன் அங்கு உண்டது; பின்னர் கொழும்பு நீதிமன்றங்களும் கட்சிப் பணியும் எம்மை அப்பக்கம் போகவிடவில்லை. இலை போட்டார்கள். குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பாற்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், ஈற்றில் சொதி. சொதி மட்டும் சற்று நீர்த்திருந்தது. தேங்காய் விற்கும் விலையில் அதைக் குற்றமென்று கொள்ளலாகாது. ஏனையவை யாவும் முன்போலவே நாவுக்கு இசைந்தன.

அதே வாங்கில் அமர்ந்திருந்த இளைஞர் சிலர், அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தின் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பெருமையுடன் உரையாடிக்கொண்டிருந்தனர். உணவின் பெருமையை நாமும் ஒப்புகின்றோம். ஆயின் வாங்கின் வரலாறு வேறு.

அறுபதுகளின் பிற்பகுதி வரை குடாநாட்டின் தேநீர்க்கடைகள் பலவற்றில் அந்த வாங்கு எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கு நீர் இறைத்த கூலியாளுக்குப் போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர். இருக்கை வெளியே, நிலத்தில். அவன் விளைவித்ததை உண்டவர்கள் உள்ளே, அவன் வெளியே! 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இக்கொடுமையைக் குற்றமாக்கியது. எனினும் கடைகளின் கதவுகள் சட்டத்தால் மட்டும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைகளுக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்தது. அன்று அடியுண்டவர்கள் வென்று தந்த வாங்கிலேதான் இன்று நாம் இலைபோட்டு உண்கின்றோம்.

அது முடிந்த கதை என்பார் உளர். பட்டினத்துப் போசனசாலையில் இன்று எவரும் எவரையும் யாரென்று வினவுவதில்லை என்பது மெய்யே. ஆனால் 2018இல் தென்மராட்சிக் கோயில் ஒன்றின் தேரை மண் அகழும் இயந்திரம் இழுத்ததை நாடே பார்த்தது. வடம் பிடிக்க ஆட்பலம் போதவில்லை என்று ஒருசாரார் கூறினர். எல்லோரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்று மறுசாரார் குற்றஞ்சாட்டினர். இத்தகைய ஐயம் எழுவதற்கே இடமிருந்தது என்பதன்றோ வெட்கம்!

சட்டம் கற்ற அன்பர்கள் சிலர், அரசியலமைப்பே பாதுகாப்பளிக்கின்றதே என்பர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், தத்தம் மதத்தின் வழிபாட்டிடங்கள் ஆகியவற்றில் சாதி காரணமாக எவருக்கும் தடை விதித்தலாகாது என்கின்றது. படிப்பதற்கு இனிய வாசகம். ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் ஏற்பது ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறை நடவடிக்கையால் நேர்ந்த மீறலை மட்டுமே. அதற்கும் தவணை ஒரு மாதம். கடை முதலாளியோ கோயில் தர்மகர்த்தாவோ அரச அதிகாரி அல்லர். ஆகவே அவர்களுக்கெதிராக ஏழை மகன் கையில் எடுக்கக்கூடியது அந்தப் பழைய 1957ஆம் ஆண்டுச் சட்டமே.

அச்சட்டம் ஒன்று இருப்பதை எமது கிராமங்களில் எத்தனை பேர் அறிவர்? கொழும்பு அரசிடம் சமவுரிமை கோரி மேடை தோறும் முழங்கும் நாம், எமது முற்றத்தில் அதனை வழங்குவதற்கு இருக்கும் சட்டத்தை ஏன் மறைத்து வைத்திருக்கின்றோம்? உணவகங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் பிரதேச சபைகள், அச்சட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் தொங்கவிடச் செய்வதற்குப் பெருஞ் செலவு ஆகாது. மல்லாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் தொழில் புரியும் இளஞ் சட்டத்தரணிகளுள், இச்சட்டத்தின் கீழ் முறையிட வருபவனுக்காகக் கட்டணமின்றித் தோன்ற முன்வருவோர் எத்தனை பேர்?