தன்விவரக் குறிப்பும் தற்புகழ்ச்சியும்

கலை அறிவியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் ஏறத்தாழ ஒரே பருவத்தில் ஒரே காரியத்தைச் செய்யத் தொடங்குவார்கள். முந்தைய ஆண்டு படித்து முடித்த ஓர் அண்ணனிடமிருந்தோ, கல்லூரிக்கு எதிரேயுள்ள கணினி மையத்திலிருந்தோ ஒரு 'பயோடேட்டா' கோப்பை வாங்குவார்கள். பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றுவார்கள். நான்கு படிகள் எடுத்துக்கொள்வார்கள். தன்விவரக் குறிப்பு ஆயத்தம்! நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் உதவக்கூடிய சவாலான பணி ஒன்றைத் தேடுவதாக அதன் முதல் வரி சொல்லும். பலம் என்ற தலைப்பின்கீழ்க் கடின உழைப்பு, நேர்மை, குழு மனப்பான்மை ஆகியன வரிசையாக நிற்கும். பொழுதுபோக்கு என்றால் பாட்டுக் கேட்பதும் கிரிக்கெட்டும். இறுதியில், மேற்கண்டவை யாவும் உண்மையே என்ற உறுதிமொழி. அறுபது பேர் கொண்ட வகுப்பில் அறுபது தாள்கள் இருக்கும். ஆனால் அவை அனைத்தும் ஒரே ஒரு மனிதனைப் பற்றியே பேசும். அந்த மனிதன் யாரென்று எவருக்கும் தெரியாது.

இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இது எழுத்து தொடர்பான சிக்கல் என்பதே என் விடை. தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரியாத காரணத்தால், தகுதிக்கு மிகக் குறைந்த ஊதியத்தில் போய் அமரும் இளைஞர்களை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. இருக்கும் திறமை ஏட்டில் ஏறாமல் போய்விடுகிறது.

ஒரு தலைமுறைக்கு முன்னர் இச்சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. பட்டம் பெற்றவர்கள் சிலராக இருந்தபோது பட்டமே தன்விவரக் குறிப்பு. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருந்தால் போதும். இன்றைய நிலை வேறு. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. இது நாம் பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் இதே எண்தான், பட்டம் ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டாது என்பதையும் சொல்கிறது. எல்லோரிடமும் பட்டம் இருக்கும்போது, அதைத் தாண்டி ஒருவர் என்ன செய்திருக்கிறார் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடம் அந்த ஒற்றைத் தாள்.

தன்விவரக் குறிப்பு வேலையைப் பெற்றுத் தருவதில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். அது நேர்காணல் அறையின் கதவைத் திறக்கும், அவ்வளவே. ஆனால் எந்த அறையின் கதவு என்பதை அதுவே தீர்மானிக்கிறது. வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய நிறுவனங்கள் புதியவர்களின் ஊதியத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே வரையறுத்துவிடுகின்றன. அங்கே குறிப்பு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்தப் பணிக்குரிய தொகை ஏறிவிடாது. ஆனால் தரவு உள்ளீட்டுப் பணிக்கு அழைக்கப்படுகிறோமா, தரவைப் பகுத்தாயும் பணிக்கு அழைக்கப்படுகிறோமா என்பது மாறும். இரண்டாவது வேலைக்குப் போகும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. அப்போது பேரம் பேச முடியும். ஏட்டில் இருப்பதை வைத்துத்தான் பேச முடியும். 'எதிர்பார்க்கும் ஊதியம்' என்ற இடத்தில் 'நிறுவன விதிப்படி' என்று எழுதுபவருக்கும், தான் செய்தவற்றைச் சுட்டிக்காட்டி ஒரு தொகையைச் சொல்பவருக்கும் இடையிலுள்ள தொலைவு ஆண்டுகள் செல்லச் செல்ல விரிந்துகொண்டே போகும்.

அதியமானின் பரிசில் தாமதமானபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடிய பாடல் புறநானூற்றில் இருக்கிறது. தன் தகுதியில் ஐயமற்ற ஒருவரின் குரல் அது. ஔவைக்குத் தன்விவரக் குறிப்பு தேவைப்படவில்லை. அவர் யாரென்று காவலனுக்குத் தெரியும். நம் மாணவர் முன் நிற்கும் வாயிற்காவலனுக்கோ எவரையும் தெரியாது. பெரிய நிறுவனங்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மென்பொருள் இருக்கிறது. விளம்பரத்தில் கேட்கப்பட்ட திறன்களின் பெயர்கள் விண்ணப்பத்தில் உள்ளனவா என்று தேடி வரிசைப்படுத்துவது அதன் தொழில். அதைக் கடந்தால் ஒரு மனிதர். 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு இணையதளம் மேற்கொண்ட கண்ணசைவு ஆய்வில், ஆள்தேர்வாளர் ஒரு குறிப்பின்மீது முதல் பார்வையில் செலவிடும் நேரம் சராசரியாக 7.4 விநாடி என்று தெரியவந்தது. அந்த ஏழு விநாடியில் 'கடின உழைப்பாளி' என்ற சொல்லால் என்ன செய்துவிட முடியும்?

நம் மாணவர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்? படியெடுக்கும் பழக்கம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. தன்னைத் தானே உயர்த்திச் சொல்வது இழிவு என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம் கற்பித்திருக்கிறோம். அந்த அடக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அதற்கு எல்லை உண்டு என்பதையும் நம் இலக்கணமே சொல்லியிருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எப்படி அமைய வேண்டும் என்று அது பட்டியலிடுகிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று எனக் கொள்வாரும் உண்டு. இவற்றுள் ஒன்றுகூட வெற்றுப் புகழுரை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். யார், எதன் வழியில், எதைப் பற்றி, யாருக்காக, என்ன பயனுக்கு என்ற செய்திகளே கேட்கப்படுகின்றன. அந்தப் பாயிரத்தை எழுதத் தகுதியானவர்கள் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே. இன்றைய விண்ணப்பங்களில் பரிந்துரைப்போர் இருவரின் பெயரைக் கேட்கிறார்களே, அதே தருக்கம்தான். எத்தனை அரிய நூலைச் செய்திருந்தாலும் ஒருவர் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்றும் நன்னூல் அடுத்து விதிக்கிறது.

ஆனால் அது அங்கே நின்றுவிடவில்லை. நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி புலவனுக்குத் தகும் என்று விலக்கு அளிக்கிறது. தன் ஆற்றலை அறியாதவர்களிடையே பேசும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது. எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இம்மூன்றுக்கும் முன்னால் முதலாவதாகச் சொல்லப்படுவது, அரசவைக்குத் தன்னைப் பற்றி ஓலை எழுதி அனுப்பும்போது! வேலைக்கான விண்ணப்பத்தை இதைவிடச் சரியாக வரையறுக்க முடியுமா? நம்மை அறியாத ஒருவருக்கு, நமக்கு வாய்ப்பளிக்கக்கூடிய இடத்தில் இருப்பவருக்கு எழுதும் ஓலை அது. அங்கே அடக்கம் காட்டுவது, கேட்பவருக்குச் சேர வேண்டிய செய்தியை மறைப்பதாகும்.

அத்தகைய ஓலைக்கென்றே சீட்டுக்கவி என்ற வகை தமிழில் வளர்ந்தது. பாரதியார் 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதிய சீட்டுக்கவி பலரும் அறிந்தது. வறுமையின் நடுவில் எழுதப்பட்ட அப்பாடலில் கெஞ்சல் இல்லை. தமிழுக்குத் தன்னால் நேர்ந்த சிறப்பு இன்னது என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு, அதன் பிறகே வேண்டுவதைக் கேட்கிறார். அந்த வரிசை முறையை நம் மாணவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

இனி, எதைச் சொல்வது என்பதைப் பார்ப்போம். 'என்னிடம் சொல்ல எதுவும் இல்லை சார்' என்பதுதான் பெரும்பாலான மாணவர்களின் முதல் மறுமொழி. பத்து நிமிடம் பேசினால் இருப்பது வெளிவரும். வணிகவியல் மாணவர் ஒருவர் மூன்றாண்டுகளாக மாலை நேரங்களில் ஜவுளிக்கடையின் பில் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். ஜிஎஸ்டி விவரங்களோடு ரசீது போடுவதும், இரவு கடை அடைக்கும்போது கல்லாப் பணத்தைக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பதும் அவர் வேலை. அவருடைய குறிப்பில் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. கடையில் வேலை பார்ப்பது வெளியில் சொல்லத்தக்கதன்று என்று அவர் நினைத்திருக்கிறார். கணக்கு உதவியாளரைத் தேடும் நிறுவனத்துக்கு அவரது மதிப்பெண் பட்டியலைவிட அந்த மூன்றாண்டுகள் பயன்மிக்கவை அல்லவா?

தமிழ் இலக்கிய மாணவி ஒருவர் உள்ளூர் அச்சகத்துக்காகப் பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்த்துத் தந்திருக்கிறார். ஏழு நூல்கள்; ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பக்கங்கள். அவரது குறிப்பில் இருந்ததோ 'கணினி அறிவு உண்டு' என்ற மூன்று சொற்கள். செய்த பணியை எண்ணிக்கையோடு எழுதிய பின், மென்பொருள்களைத் தமிழாக்கும் நிறுவனம் ஒன்று அவரைத் தேர்வுக்கு அழைத்தது. முன்னர் அவர் போக இருந்த தட்டச்சு வேலையின் ஊதியத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அங்கே கிடைத்தது. அவர் புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. ஏற்கெனவே செய்ததைச் சொன்னார், அவ்வளவே.

ஆகவே நான் மாணவர்களுக்குச் சொல்வது எளிய விதி: பெயரடைகளை நீக்குங்கள்; வினைச்சொற்களை எழுதுங்கள். 'பொறுப்பானவன்' என்பதை அடித்துவிட்டு, எந்தப் பொறுப்பை எத்தனை மாதம் ஏற்று என்ன விளைந்தது என்று எழுதுங்கள். எண் இருக்கும் இடத்தில் எண்ணைத் தாருங்கள். விண்ணப்பிக்கும் பணிக்குத் தொடர்புடையதை மேலே கொண்டுவாருங்கள். விளம்பரத்தில் ஒரு திறனுக்கு என்ன பெயர் இருக்கிறதோ, அத்திறன் உங்களிடம் உண்மையாகவே இருந்தால், அதே பெயரால் குறிப்பிடுங்கள்.

எழுதக் கூடாதவையும் உள்ளன. தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமண நிலை ஆகியவை அரசு விண்ணப்பப் படிவங்களிலிருந்து நம் பயோடேட்டாவுக்குள் புகுந்தவை. தனியார் பணிக்கு முதற்கட்டத்தில் இவற்றின் தேவை இல்லை. தீங்கு உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒத்த தகுதிகளோடு வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருடையோரோடு ஒப்பிட, தலித் பெயருடையோர் அழைப்புப் பெறும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருடையோருக்கு மூன்றில் ஒரு பங்கு. சிறந்த குறிப்பு ஒன்றால் இந்த அநீதி நீங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். பெயரின் பின்னொட்டாகச் சாதியை எழுதுவதைப் பொதுவாழ்வில் பெருமளவு கைவிட்ட தமிழகத்தில், அதை நாமே ஒரு கட்டம் போட்டு நிரப்பிக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

வலிமையான குறிப்பு என்றால் ஊதிப் பெருக்கியது என்று பொருள் கொள்ளக் கூடாது. செய்யாத பணியை எழுதியவர் நேர்காணலில் மூன்றாவது கேள்வியிலேயே திணறுவார். புலவர்கள் ஓலையோடு நின்றுவிடவில்லை. அவையில் அரங்கேற்றமும் செய்ய வேண்டியிருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிழையற்ற ஆங்கிலத்தில் ஒரு நொடியில் குறிப்பை எழுதித் தருகின்றன. மொழித் தயக்கம் உள்ளவர்களுக்கு அது உதவிதான். ஆனால் செயலியிடம் சொல்வதற்குச் செய்தி இல்லையென்றால், கணினி மையத்துக் கோப்புப் போலவே அதுவும் அறுபது பேருக்கும் ஒரே மனிதனைத்தான் எழுதிக் கொடுக்கும். சற்று அழகாக எழுதும். எனவே குறிப்பின் வலிமை இறுதியாண்டில் தொடங்குவதில்லை. முதலாண்டிலிருந்து எதைச் செய்கிறோம், அதைத் தேதியோடு எழுதிவைக்கிறோமா என்பதில் தொடங்குகிறது.

தன்னை விற்பனைப் பொருளாக்கும் கலையைக் கல்லூரியும் கற்பிக்க வேண்டுமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான வினா. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். படித்த குடும்பத்துப் பிள்ளையின் குறிப்பைத் திருத்தித் தர ஒரு மாமா இருக்கிறார். சித்தியின் அலுவலக நண்பர் இருக்கிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? நாம் கற்பிக்க மறுத்தால் அந்தக் கலை அழிந்துவிடாது. ஏற்கெனவே வசதியுள்ளவர்களிடம் மட்டும் அது தங்கிவிடும்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பயிற்சி கிடைக்கிறது, பெற்றதைச் சொல்லும் மொழியை நாம்தான் தர வேண்டும். முதலாண்டுத் தமிழ் வகுப்பில் கட்டுரைப் பயிற்சிக்கென ஒதுக்கும் நேரத்தில் இரண்டு மணியை இதற்குத் தரலாம். மாணவர் தான் செய்தவற்றை முதலில் தமிழில் எழுதட்டும். சிந்தனை தெளிந்த பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது பெரிய காரியமன்று. ஆங்கிலத்திலேயே தொடங்கும்போதுதான் அவர்கள் அஞ்சி, பிறருடைய வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் பலர் நல்ல பணிகளில் இருப்பவர்கள். ஆள்தேர்வில் அமர்ந்த அனுபவம் உள்ளவர்களும் இருப்பீர்கள். நீங்கள் படித்த கல்லூரிக்கு, நன்கொடை வேண்டாம், ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை தாருங்கள். ஐந்து மாணவர்களோடு உட்கார்ந்து, 'இதுவரை என்னென்ன செய்திருக்கிறாய்?' என்று கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்றுதான் தொடங்குவார்கள். அதை நம்பிவிடாமல் இன்னும் பத்து நிமிடம் கேளுங்கள்.