புத்தம் புதிய பியட்

சென்ற மாதம் மாதுங்காவில் நம் சங்கக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பியும் கையுமாக வாசற்படியருகே நின்று உரையாடிக்கொண்டிருந்த வேளையில், செம்பூரிலிருந்து வந்திருந்த பொறியாளர் இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் 1978-ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி ஒன்றை விலைக்கு வாங்கி, ஞாயிறுதோறும் அதைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருப்பவர். "ஐயா, எவ்வளவு செலவு செய்தாலும் இது பழைய வண்டிதான். இதைப் புத்தம் புதிதாகக் கடையிலிருந்து நேரே ஓட்டிவரும் பேறு உங்கள் தலைமுறைக்கு அல்லவா வாய்த்திருந்தது! நீங்கள் ஏன் ஒன்று வாங்கி வைக்கவில்லை?" என்றார்.

நல்ல பிள்ளை, குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நான் சிரித்தேன். "தம்பி, காலச் சக்கரத்தைப் பின்னே சுழற்றி நீங்கள் 1970-ஆம் ஆண்டுக்கே போய் இறங்கினாலும், மடி நிறையப் பணத்தோடு கடைக்குள் நுழைந்தாலும், வண்டி கிடைக்காது. பெயரைப் பதிந்துகொண்டு வீட்டுக்குப் போகச் சொல்வார்கள்" என்றேன். அவர் நம்பவில்லை. பணம் கொடுத்தாலும் பொருள் கிடைக்காத காலத்தை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? இரவு பகலாகத் தண்ணீர் வரும் வீட்டில் பிறந்தவனுக்குப் பழைய பம்பாயின் அதிகாலைக் குழாயடியை விளக்குவது போலத்தான். கூட்டத்திடையே சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

செம்பூருக்கும் தாராவிக்கும் கூப்பிடு தூரத்தில் உள்ள குர்லாவிலேதான் இவ்வண்டி பிறந்தது. வால்சந்து ஹீராசந்து 1944-ல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, முதலில் அமெரிக்காவின் கிரைஸ்லர் வண்டிகளைப் பூட்டி விற்றது. பின்பு இத்தாலியின் பியட் கம்பெனியோடு உறவு கொண்டது. 1954 முதல் பியட் 1100 குர்லாவிலிருந்து வெளிவரலாயிற்று. உருண்டு திரண்ட அதன் முதுகைக் கண்டு நம் மராத்திய அண்டை வீட்டார் அதற்கு 'டுக்கர் பியட்' என்று பெயரிட்டனர். டுக்கர் என்றால் பன்றி. இகழ்ந்து சொன்னதன்று; கொழு கொழுவென்ற குழந்தையை வீட்டார் ஏதேதோ சொல்லிக் கொஞ்சுவதில்லையா, அது போன்றது. 1964-ல் 'டிலைட்' என்ற பெயரில் சற்றே கோண வடிவம் கொண்டு வந்தது. இத்தாலியருடன் செய்த ஒப்பந்தம் முடிந்தபின், 1974 முதல் அதே வண்டி பிரீமியர் பத்மினி ஆயிற்று. பத்மினி என்றதும் நம் இல்லத்துப் பெண்மணிகளுக்குத் திருவிதாங்கூர் சகோதரியருள் ஒருவரான நடிகையே நினைவுக்கு வந்தார். கம்பெனியார் எண்ணியது சித்தூர் அரசியை என்பர். இத்தாலியில் 1969-லேயே கைவிடப்பட்ட இந்த வண்டிக் குடும்பம் நம்மூரில் 2000-ஆம் ஆண்டையொட்டிய காலம் வரை உயிரோடிருந்தது.

எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர், கியர் நான்கு. கியர்க் கம்பி தரையில் இராமல் ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் இருந்தமையால், முன் ஆசனம் இடைவெளியின்றி ஒரே பலகையாக நீண்டிருக்கும். பெரியவர் இருவரும் நடுவே ஒரு சிறுவனும் தாராளமாக அமரலாம். அந்த நடு இடத்துக்காகச் சகோதரர்களுக்குள் நடந்த போர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

நிற்க. வண்டி ஏன் கிடைக்கவில்லை? அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் முழு வண்டியாக இறக்குமதி செய்வதற்கு அரசாங்கம் கதவடைத்திருந்தது. உள்நாட்டில் கார் செய்தவை பெரும்பாலும் மூன்றே தொழிற்சாலைகள்: வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசிடர், குர்லாவில் பியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றும் சேர்ந்தும் 1970-ஆம் ஆண்டளவில் நாடு முழுவதற்கும் நாற்பதினாயிரம் கார்கள் கூடச் செய்யவில்லை. எத்தனை செய்யலாம் என்பதற்கும் லைசென்சு. என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கும் 1969-ல் அரசாங்க ஆணை. கம்பெனியார் அந்த விலை போதாதென்று உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடினர். விரும்பியவரோ முன்பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருந்தனர். இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. புதிய வண்டியின் விலையைவிட ஈராண்டு ஓடிய வண்டியின் விலை கூடுதல்! கடிதம் வந்தவன் வண்டியை எடுத்து மறுநாளே கைமாற்றினால் கொள்ளை இலாபம். அதைத் தடுக்கவே, புது வண்டி எடுத்தவர் அனுமதியின்றி உடனே விற்கலாகாது என்று கட்டுப்பாடு வைத்தனர். கட்டுப்பாடு இருந்த இடத்தில் தரகரும் இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விலையும் எளியதன்று. லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது, பிள்ளைகளின் விருப்பத்துக்கு இணங்கி ஒரு பியட் வாங்க எண்ணினார். விலை 12,000 ரூபாய், கையிருப்பு 7,000. மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். கடன் தீருமுன்னே, 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் காலமானார். எஞ்சிய தவணைகளை அவர் துணைவியார் லலிதா அம்மையார் தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து கட்டித் தீர்த்தார். அந்த வண்டி இன்றும் தில்லியில் அவர் நினைவில்லத்தில் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனமில்லை. தாராவியில் வாழும் நம் அன்பர் ஒருவர் குர்லாத் தொழிற்சாலையின் வர்ணப் பகுதியில் முப்பதாண்டு வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். புது வண்டியைப் பற்றி அவரிடம் கேட்டேன். "நாங்கள் தொட்டதெல்லாம் புது வண்டிதானே! எவரும் உட்காராத ஆசனத்தில் முதலில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்தாம், என்ன, வாசல் வரைக்கும்தான்" என்றார். ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்வரை வண்டியைச் செம்மைப்படுத்த எவருக்கும் அவசரமில்லை என்பதும் உண்மை. மழைக்காலம் நான்கு கண்ட வண்டியின் கதவடியில் துருப் பிடிக்கும். குளிர்காலைகளில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தை வேண்ட வேண்டும்.

சென்னை ஹெரால்டின் அன்பர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாகாது. 1961-ல் தொடங்கிய அவ்வண்டிக்கு வடிவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியச் சிற்பி. அழகில் அதுவே மேல் என்று நானும் ஒப்புகிறேன். முதலில் இரண்டே கதவுகள். மாமியாரும் நாத்தனாரும் பின்னாசனத்துக்குக் குனிந்து ஏற வேண்டிய வண்டி நம் நாட்டில் நெடுநாள் நடக்குமா? பிறகு இந்நாட்டுக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள்.

இனி, நான் ஏன் வாங்கி வைக்கவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். என் தந்தையார் கோட்டைப் பகுதியில் ஒரு வணிக நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கணக்கதிகாரியாக உயர்ந்தவர். டிலைட் வெளிவந்த 1964-ஆம் ஆண்டிலேயே பெயர் பதிந்தார். எனக்கு அப்போது பத்து வயது. இரண்டே அறை கொண்ட மாதுங்கா வீட்டில் அறுவர் வாழ்ந்தோம். அன்று மாலை ஊரில் நன்செய் வாங்கியது போல மகிழ்ந்தோம். பதிவுச் சீட்டு சுவாமி படத்துக்குப் பின்னே செருகப்பட்டது. நிறம் குறித்துத் தீராத வழக்கு: தாயாருக்கு வெள்ளை, என் அக்காவுக்கு வானநீலம், எனக்குக் கறுப்பு. தந்தையார் மட்டும் நிறம் எதுவாயினும் சரி என்பார். அவர் ஒரு சிநேகிதரின் வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்சும் பெற்று, அதை இருமுறை புதுப்பித்தும்விட்டார். வண்டிதான் வரவில்லை.

கடிதம் 1970 மார்கழியில் வந்தது. அக்காவுக்குத் தையில் முகூர்த்தம் குறித்திருந்தது. சேர்த்து வைத்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். இரண்டு நாள் கழித்து, எங்கிருந்தோ செய்தியறிந்து ஒரு தரகர் வந்தார். வண்டியின் முழு விலையையும் அவரே கட்டுவார்; தந்தையார் கையொப்பமிட்டால் போதும்; வண்டியை அவர் கொண்டுபோவார்; எங்கள் கையில் ஒரு தொகை வைப்பார். அந்தத் தொகை கல்யாண நகைக்குச் சரியாக இருந்தது.

தாயார் வேண்டிக்கொண்டார், "ஊரில் எல்லோரும் செய்வதைத்தானே சொல்கிறேன்" என்று வாதாடினார். தந்தையார் மறுத்துவிட்டார். சட்டத்தையோ தருமத்தையோ அவர் பேசவில்லை. "வண்டி என் பெயருக்கு வந்தால் நான் ஒரு முறையேனும் ஏறி ஓட்டாமல் இருக்கமாட்டேன். ஓட்டினால் விற்க மனம் வராது. விற்காவிட்டால் கல்யாணம் நிற்கும். ஆகையால் அது வரவே வேண்டாம்" என்றார். தம் முறையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்து முன்பணத்தைத் திரும்பப் பெற்றார். தாயார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தாயாரின் நான்கு வளைகள் அடகுக்குப் போயின. மூன்றாண்டு கழித்தே கைக்குத் திரும்பின. தந்தையார் செய்தது நேர்மையா, பிடிவாதமா என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணிப் பார்க்கிறேன். வளைகளை நினைக்கும்போது ஒரு விடையும், அவர் முகத்தை நினைக்கும்போது வேறொரு விடையும் தோன்றுகின்றன. அக்காவிடம் ஒருவரும் சொல்லவில்லை. தாயார் காலமானபின் பெட்டியில் அடகுச் சீட்டைக் கண்டுதான் அவள் கேட்டறிந்தாள்.

மணமக்கள் மதராஸ் மெயிலுக்குப் புறப்பட்ட நாளில், விக்டோரியா டெர்மினஸுக்கு ஒரு டாக்சி அமர்த்தினோம். அதுவும் குர்லா வண்டிதான். சாலைக்கு வந்து ஒரு வாரமே ஆயிற்றென்று ஓட்டுநர் பெருமையோடு சொன்னார். ஆசனத்தின் மேலுறை கூடக் கிழிக்கப்படவில்லை. தந்தையார் முன்னால் அமர்ந்து, வழி நெடுகக் கதவின் உட்புறத்தைத் தடவிக்கொண்டே வந்தார். புத்தம் புதிய பியட்டில் அவர் ஏறியது அந்த ஒரு முறைதான். பின்னர் அவர் பெயர் பதியவேயில்லை. 1983 டிசம்பரில் மாருதி வந்தபோது, வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இவ்வண்டி சொந்தமானது டாக்சியாகத்தான். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக நகரெங்கும் திரிந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த தகரப் பெட்டிகளைக் கூரைக் கம்பிமேல் சுமந்து தாதரிலிருந்து தாராவிக்குக் கொண்டுசேர்த்தது. நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்டவர்களைச் சயான் மருத்துவமனைக்குக் கொண்டோடியது. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ல் தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாயிற்று. மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு இருபதாண்டு. ஆகவே 2023 அக்டோபர் இறுதியோடு அந்த இனம் சாலையை விட்டு அகன்றது. தொழிற்சாலை நின்ற நிலத்தில் இன்று கோஹினூர் சிட்டி என்ற பெரும் குடியிருப்பும் அலுவலகங்களும் எழுந்துள்ளன. அதையொட்டிச் செல்லும் பழைய ஆக்ரா சாலைக்கு இப்போதைய பெயர் லால் பகதூர் சாஸ்திரி மார்க்கம். கடன் வாங்கிப் பியட் வாங்கியவரின் பெயர்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "உங்கள் அக்கா இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். சென்னையிலிருந்து வந்து என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். மறு ஞாயிறு காலை வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. எழுபத்தைந்து வயதான அக்காவை முன்னாசனத்தில் ஏற்றி, ஐந்து தோட்டங்களைச் சுற்றி, கிங்ஸ் சர்க்கிள் வரை அழைத்துச் சென்றார். நான் பின்னே அமர்ந்திருந்தேன். ரூயியா கல்லூரி தாண்டும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "நான் கேட்டது நீலம். கடைசியில் அம்மா கேட்ட வெள்ளைதான் வந்திருக்கிறது" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் அந்த வண்டியிலேயே வருகிறார். காண விரும்பும் அன்பர்கள் அரை மணி முன்னதாக வந்தால் உட்கார்ந்தும் பார்க்கலாம். கூட்டம் முடிந்தபின் தோள் வலியுள்ள இருவர் உடனிருத்தல் நலம். சில வேளைகளில் தள்ளினால்தான் கிளம்புகிறது.